விஜிலா சொல்ல மறுத்த வாக்கியம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இக்கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவே என் வீட்டு மாடிப்படியில் ஏறி வந்து, “எக்கா, ஒரு சந்தேகம்” என்றது.

நான் எழுத உட்கார்ந்தது ஒரு கட்டுரை. கல்லூரி ஆண்டு மலருக்கு வியங்கோள் வினைமுற்றைப் பற்றி எட்டுப் பக்கம் தருவதாக வாக்களித்திருந்தேன். வாழ்க, வருக, ஒழிக என வாழ்த்தவும் வேண்டவும் வையவும் தமிழ் வைத்திருக்கும் அவ்வடிவத்தைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். எட்டுப் பக்கம் எனக்குப் பெரிதன்று. நான்காம் வரியில் இருந்தபோது படியில் காலடி கேட்டது.

வந்தவள் விஜிலா. எங்கள் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள்; முப்பத்தாறு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் தேக்கு மரங்களைச் சுற்றளவு நாடாவால் அளந்து, சிவப்பு மெழுகுக்கட்டியால் எண் எழுதுகிற வேலை ஒரு மரக்கிடங்கில் அவளுக்கு. கணவன் ரெக்சன் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் இருக்கிறான். மணமான பதினோராண்டில் அவன் வீட்டிலிருந்த நாள்களைச் சேர்த்தால் மூன்றாண்டு தேறாது.

அம்மரங்களை ஈக்வடாரிலிருந்து அனுப்பும் நிறுவனம், இங்கே இறங்கும் சரக்கைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதத் தனக்கென ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. தனி அலுவலகம் கிடையாது; அந்த ஆள் தன் வீட்டிலேயே ஒரு மேசை போட்டுக்கொள்ள வேண்டும். மரம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். மரம் விஜிலாவுக்குத் தெரியும். மொழியை ஒன்றரை ஆண்டாகக் கைபேசியில் படித்து வந்தாள். அவ்வேலை கிடைத்தால் ரெக்சன் கப்பலை விட்டு இறங்கிவிடுவதாகக் கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். கிடைக்காவிட்டால்

[இவ்வாக்கியத்தை இங்கேயே நிறுத்தியிருக்கிறேன். காரணம் நான்காம் பகுதியில்.]

2

இக்கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். கைவிட்டவற்றையும் காட்டுவது நேர்மை.

தொடக்கம் ஒன்று: “பொழுது மேற்கில் சாய, புன்னை நிழலில் கடல் நோக்கி நின்ற அவள் கண்களில் நீர் மல்க, வங்கம் ஊர்ந்த திசையை நோக்கி”

கைவிட்டேன். நெய்தல் என்றால் இரங்கல் என்று படித்தும் படிப்பித்தும் வந்தவளின் கை தானாக எழுதிய வரி அது. உண்மையில் எங்கள் தெருவில் புன்னை இல்லை, மின்மாற்றி இருக்கிறது. விஜிலா நோக்கி நின்ற திசை, வாழைக்காய் பஜ்ஜி வாங்கப் போன கொழுந்தன் கிளைட்டன் வர வேண்டிய திசை. கண்ணில் நீர் இருந்தது மெய்தான். அது தேக்குத் தூள்.

தொடக்கம் இரண்டு: “மொழி என்பது மனிதன் காலத்தை அளக்கும் கருவி எனக் கொண்டால், அக்கருவியின் நுண்மையான பாகம்”

இவ்வரியை உரக்கப் படித்துக் காட்டினேன். என் கணவர் ஏசுவடியான் நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். கைவிட்டேன்.

தொடக்கம் மூன்று, அவள் கேட்ட கேள்வி. அதையே வைத்துக்கொண்டேன்.

3

“எக்கா, நடக்காத காரியத்துக்கு எதுக்கு இந்த மொழியில தனியா ஒரு வினை?”

“எங்க, சொல்லு பாப்பம்.”

“வியேனேன்னா வாரான். சரி. ‘அவன் வாரான்னு எனக்குத் தெரியும்’னு சொன்னா அங்கன வியேனே. ஆனா ‘அவன் வரணும்னு ஆசைப்படுதேன்’னு சொன்னா, அதே வாரது வெங்கான்னு வேசம் மாத்திக்கிடுது. ‘வாரானோ என்னமோ’ன்னு இழுத்தாலும் வெங்கா. ‘வந்துருவானோ’ன்னு பயந்தாலும் வெங்கா. ஒருத்தன் ஒரே வாசல் வழியா வாரதுக்கு எதுக்கு ரெண்டு சட்டை?”

கட்டுரையின் நான்கு வரியையும் அப்போதே மறந்தேன். கால் நூற்றாண்டில் எந்த மாணவரும் என்னிடம் இத்தனை செம்மையாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவள் கைபேசியில் இருந்த பாடத்தை இருவருமாகப் படித்தோம். எனக்கு அம்மொழி தெரியாது. அவளுக்கு இலக்கணச் சொற்கள் பிடிக்காது. ஆதலால் அவள் எடுத்துக்காட்டுகளை மொழிபெயர்க்க, நான் அவற்றை வகுத்து அடுக்கினேன். அடுக்கி முடித்தபோது எங்களுக்குத் தெளிந்தது இது. ஒருவர் தாம் அறிந்ததை உலகத்தில் வைத்துச் சொல்லும்போது வினை ஓர் உடையில் வருகிறது. விரும்பியதையோ, வேண்டியதையோ, ஐயுற்றதையோ, அஞ்சியதையோ சொல்லும்போது அச்செயல் இன்னும் உலகத்துக்கு வரவில்லை. சொல்பவர் மனத்துக்குள்தான் நடக்கிறது. அப்போது வினை வேறோர் உடை உடுத்துகிறது. இரண்டாவது உடையைக் கண்டதும் அது பொய்யென்றோ மெய்யென்றோ கேட்கக் கூடாது. யாருடைய மனத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

“நம்மகிட்டயும் இருக்கு ளா,” என்றேன். “ஜெபம் பண்ணும்போது ‘ஆவதாக’, ‘வருவதாக’ங்கோம்லா? மீன் வாங்கும்போது அப்படியா பேசுதோம்?”

“மீன்காரிகிட்ட ‘விலை குறைவதாக’ன்னு சொன்னா சிரிப்பா.” சற்று யோசித்தாள். “அப்போ இது ஜெபத்துல வார சட்டை.”

ஜெபச் சட்டை! இலக்கண நூலார் எவரும் அப்பெயரை வைக்கவில்லை. நான் இனி மாற்றப்போவதில்லை.

(பக்கக் குறிப்பு: ‘ஓஹலா’ என்றொரு சொல் அம்மொழியில் உண்டு. ஆகாதா, ஆகட்டுமே என்று ஏங்குமிடத்தில் வரும். அதன்பின் வரும் வினை தவறாமல் ஜெபச் சட்டை உடுத்தியிருக்கும். அச்சொல்லே அரபு மொழியில் ‘இறைவன் நாடினால்’ என்னும் பொருளுடைய தொடரிலிருந்து பிறந்ததாம். கிடங்குக்கு லாரி அனுப்பும், அரபு ஓதிய காயல்பட்டினத்து அண்ணாச்சியிடம் விஜிலா இதைச் சொல்ல, அவர், “அப்ப எங்க வீட்டுச் சொல்லு ஒங்க கிடங்குக்கு ஈக்வடாரச் சுத்திட்டு வந்திருக்கு. நேர வந்தா பஸ்ஸு முக்கா மணி நேரந்தான் தாயி” என்றாராம்.)

பிறகு வந்தது சிக்கல்.

“இது வம்பு எக்கா. ‘அவிய வரும்போது கதவத் தொறப்பேன்’. இதுக்கும் ஜெபச் சட்டையாம். குவாந்தோ வெங்கா. எதுக்கு? அவிய வாரதுல என்ன சந்தேகம்?”

“சந்தேகம் இல்ல ளா. இன்னும் நடக்கல, அவ்வளவுதான். தினமும் நடக்கிறதுன்னா சாதாரணச் சட்டை. இனிமேத்தான் நடக்கணும்னா இந்தச் சட்டை.”

“நடக்கலங்கிறது வேற, நடக்குமாங்கிறது வேற.”

“அந்த மொழி ரெண்டையும் ஒரே கொடியில காயப் போடுது.”

“அப்போ அங்கன யாரு வீட்டு ஆம்பளையும் கப்பலுக்குப் போனதில்ல போல.”

[உலகையே கப்பலில் சுற்றிய இனத்தாரைப் பற்றி இப்படிச் சொல்கிறாளே என்று திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை. ஓர் ஆசிரியை வாழ்நாளில் விழுங்கிய நல்ல வாக்கியங்களுள் அதுவும் ஒன்று.]

முறுக்கிக்கொண்டாளே தவிரக் கற்றுக்கொண்டாள். மறுநாள் படியேறும்போதே, “குவாந்தோ யேகே எல் பார்கோ” என்றாள். கப்பல் வந்து சேரும்போது என்று பொருள். “ஜெபம்னு நெனச்சுச் சொல்லுதேன். சந்தேகம்னு நெனச்சா நாக்கு வரல.”

4

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

மூன்று பகுதி எழுதியபின் படித்துப் பார்த்தேன். எல்லாரும் நலமாக இருந்தார்கள். பஜ்ஜி இருந்தது, சிரிப்பு இருந்தது, இடர் இல்லை. விஜிலா என்னும் பாத்திரத்தின்மேலேயே எனக்கு ஐயம் வந்தது. கணவனைக் கடலுக்கு அனுப்பியவள் இத்தனை உற்சாகமாக இருப்பாளா? பழம்பாட்டுகளின் தலைவியர் வளை நெகிழ நிற்பார்கள். இவள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தின்மேல் ஏறுகிறாள். வாசகர் நம்புவாரா? நம்ப வைக்க வேண்டும் என்று இப்படி எழுதினேன்:

“வங்கக் கடலில் புயல் மையம் கொண்டிருந்தது. ரெக்சனின் கப்பலிலிருந்து மூன்று நாளாகச் செய்தி இல்லை. ஒருவேளை அந்தக் கப்பல்”

ஸ்பானியச் சொற்களைச் சரிபார்க்கத் தாள்களை விஜிலாவிடம் கொடுத்திருந்தேன். இப்பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தது என் அறியாமை. கால் மணி நேரத்தில் மேலே வந்தாள்.

“எக்கா.”

“என்னளா?”

“எங்க வீட்டு ஆள நீங்க முக்கப் பாத்திருக்கீங்க.”

“கதைதான ளா. கடைசியில காப்பாத்திருவேன்.”

“முக்கிட்டுக் காப்பாத்துததுக்கு முக்காமலே இருக்கலாம்லா? அப்படி ஒரு ஆளு வேணும்னா ஒங்க வீட்டு அண்ணாச்சிய ஏத்தி முக்குங்க.”

உள்ளறையிலிருந்து ஏசுவடியானின் குரல் வந்தது: “நான் எதுக்கும்மா? நான் பாளையங்கோட்டை பஸ்ஸுலயே வாந்தி எடுக்கிறவன். கதை ரெண்டாம் பக்கத்துலயே முடிஞ்சிரும்.”

விஜிலா சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரிந்தது. அவர்கள் வீட்டு ஆண் ஒருவன் கடலில் இருக்கும்வரை, அவனுக்கு ஆகாதது எதையும், ‘ஆனால்’, ‘ஆயிருந்தால்’ என்ற பேச்சாகக்கூட, எவரும் வாயில் எடுக்க மாட்டார்கள். தப்பித் தவறிச் சொல்லிவிட்டால், சொன்னவரே உடனே, ‘கரை கண்டாச்சு’ என்று சொல்ல வேண்டும். பிறர் சொல்லிப் பயனில்லை.

“சொல்லுங்க.”

“எத?”

“கரை கண்டாச்சுன்னு.”

சொன்னேன்.

“சத்தமா.”

சத்தமாகச் சொன்னேன். கீழே படகு இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த கிளைட்டன் கத்தினான்: “எக்கா, எனக்குக் கேக்கல!”

“ஏலே, ஒன் வேலையப் பாரு!” என்றாள் விஜிலா. பிறகு இடுப்பிலிருந்து மரத்தில் எண் எழுதும் மெழுகுக்கட்டியை எடுத்தாள். என் பக்கத்தில், ‘ஒருவேளை அந்தக் கப்பல்’ என்ற சொற்களுக்கு நேர் கீழே, பெரிய சிவப்பு எழுத்தில்

கரை கண்டாச்சு

என்று எழுதினாள். அச்சில் சிவப்பு வாராது. நீங்களே நிறம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து இக்கதைக்கு ஒரு சட்டம். ரெக்சனுக்குக் கெடுதல் எதையும் நான் கற்பனையும் செய்யக் கூடாது. முதற்பகுதியில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்பது இச்சட்டத்தால்தான்.

5

(இது அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது, நீண்டுவிட்டதால் எண் கொடுத்தேன்.)

படித்தவள் என்ற இறுமாப்பில் நான் முதலில் அதை அச்சம் என்று எடை போட்டேன். இரண்டு நாள் கழித்து, வகுப்பில் தகுதி வழக்கு நடத்திக்கொண்டிருந்தபோது வெட்கினேன். மங்கலம் என்று நம் இலக்கணம் ஒன்றை வகுத்து வைத்திருக்கிறதே! இறந்தார் என்னாது துஞ்சினார் என்றும், விளக்கை அணை என்னாது குளிர வை என்றும் சொல்லும் மரபு. சொல் வெறும் ஒலியன்று, அது போகுமிடத்தில் ஏதோ செய்கிறது என்று நம்பியவர்களின் மரபு. ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து நின்று ஆமென் சொல்லும் நானும் அந்நம்பிக்கை உடையவள்தான். வேண்டுதலுக்கு ஆற்றல் உண்டென்றால், வேண்டாததை வாய்விட்டுச் சொல்வதற்கும் ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா? எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் இதைச் சொன்னால் விவாதம் நெடுநேரம் போகும். சொல்லவில்லை.

ஆனால் ஒன்று உறுத்தியது. அவள் கைபேசிப் பாடத்தின் பிற்பகுதி முழுவதும் ‘நேர்ந்திருந்தால்’ என்னும் வகை. மழை பெய்திருந்தால், பாலம் இடிந்தால், கப்பல் தாழ்ந்தால். [கரை கண்டாச்சு.] அதற்கும் ஜெபச் சட்டையின் இன்னொரு தையல் உண்டு. மரத்தை வைத்து எத்தனை வாக்கியம் கேட்டாலும் பட்டெனச் சொன்னாள். கப்பல் என்றதும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாள்.

“மதினி, கப்பல்னு வந்தா மாட்டுவண்டின்னு வச்சுக்கோங்க,” என்று கிளைட்டன் வழி சொன்னான்.

“வண்டிக்காரனுக்கும் பொண்டாட்டி இருப்பாலே.”

6

அவ்வேலைக்கான காணொளி நேர்காணல் சனிக்கிழமை மாலை ஏழரைக்கு. அங்கே குவாயாகில் நகரில் அது காலை ஒன்பது. வியாழக்கிழமை ரெக்சன் அழைத்தான். கப்பல் டர்பனிலிருந்து புறப்பட்டுச் சில நாள் ஆகியிருந்தது. இணைப்பு விட்டுவிட்டு வந்ததால் விஜிலா கைபேசியுடன் எங்கள் மொட்டைமாடிக்கு ஓடி வந்தாள்; துணி எடுத்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன்.

“ஏளா, கேக்கா? புதன்கிழமை கொழும்புல நிப்போம். அங்கன ஏஜெண்டு அடுத்த ஒம்பது மாசத்துக்குக் காகிதத்த நீட்டுவான். ஒனக்கு வேலை உண்டுன்னு தெரிஞ்சா பையத் தூக்கிட்டு இறங்கிருவேன். இல்லன்னா”

“இல்லன்னாங்கிறத விடுங்க.”

“சரி, விட்டேன். அதுவரைக்கும் இனி சிக்னல் கெடையாது. அந்தம்மா என்ன கேட்டாலும் பட்டுபட்டுன்னு சொல்லிரு, என்ன? யோசிக்காத.”

“நான் எப்போ யோசிச்சேன்? ஒங்களக் கட்டுனதே அப்படித்தான.”

எட்டாயிரம் அடி ஆழ நீருக்கு மேல் ஒருவன் சிரித்தான். இணைப்பு அறுந்தது. [கைபேசி இணைப்பு. வேறொன்றும் இல்லை. கரை கண்டாச்சு.]

7

கீழ்வீட்டில் கிளைட்டனின் இயந்திரச் சத்தம். ஆகவே நேர்காணல் எங்கள் கூடத்தில் நடந்தது. விஜிலா பச்சைப் பருத்திப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படத்தில் விழாத மூலையில் நான். எனக்குப் புரிந்தவை சில வினைகளும் அவற்றின் ஈறுகளும் மட்டுமே. இங்கே தருவது பின்னர் விஜிலா எனக்குச் சொன்னபடி. ஆதலால் குவாயாகில் அம்மையார் தூத்துக்குடிக்காரியைப் போலப் பேசினால் வாசகர் வியக்க வேண்டாம்.

அவர் பெயர் மார்த்தா. மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. முன்னால் ஒரு படிவம்.

“கன்டெய்னர் பெட்டியத் தொறந்ததும், மரத்துல இருக்க நம்பரும் பட்டியல்ல இருக்க நம்பரும் ஒத்து வரலன்னா என்ன செய்வ?”

“பட்டியல மடிச்சு வச்சிட்டு மரத்த எண்ணுவேன். ஒவ்வொண்ணா படம் எடுப்பேன்.”

“வாங்குதவரு, நடுவுல பொந்துன்னு சொன்னா? ஒனக்கு அப்படித் தோணலன்னா?”

“அறுக்கச் சொல்லுவேன். அறுக்குததுக்கு முந்தி அவரும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்.”

ஒவ்வொரு விடையிலும் ஈறுகள் உரிய இடத்தில் வந்து விழுந்ததை நான் கேட்டேன். வெண்பாவில் தளை தட்டாமல் போகும்போது வரும் மகிழ்ச்சி அது. மார்த்தா படிவத்தில் குறித்துக்கொண்டே போனார். கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

“வழியில கப்பல்”

[எனக்கும் இவ்வாக்கியத்தை முடிக்க அனுமதி இல்லை. அவர் முடித்தார். முதலில் யாருக்குத் தெரிவிப்பாய் என்பது கேள்வி.]

விஜிலா திரையிலிருந்து கண்ணை எடுத்துப் புடவை மடிப்பை நீவினாள்.

“இந்த வாக்கியம் தெரியலயா?” என்றார் மார்த்தா.

“தெரியும். மூணு மாசமாத் தெரியும். சொல்ல மாட்டேன்.”

“வெறும் பரீச்சைதானம்மா.”

“ஒங்களுக்குப் பரீச்சை. எங்க வீட்டு ஆளு இப்போ கப்பல்ல இருக்காவ. அவிய படியேறி வாரது வரைக்கும் இந்தப் பேச்சு எங்க வாயில வராது. எங்க பாசையிலயும் வராது, ஒங்க பாசையிலயும் வராது.”

மார்த்தா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

“அப்போ அப்படி ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?”

“ஆனா ஆனதச் சொல்லுவேன். எந்த நாளு, எத்தன மணி, எந்தப் பெட்டி, எத்தன மரம், எல்லாம் எழுதுவேன். ஒண்ணும் கூட்ட மாட்டேன், ஒண்ணும் மறைக்க மாட்டேன். அழுதுகிட்டு எழுதுனாலும் எழுத்து சரியா இருக்கும். ஆகுததுக்கு முந்தி எங்கிட்ட இருந்து ஒரு வார்த்த வராது. நீங்களும் அதச் சொல்லாம இருக்கணும்னு ஆசைப்படுதேன்.”

கடைசி வாக்கியத்தில் ஜெபச் சட்டை இருந்தது. இதை இலக்கணக்காரி என்ற முறையில் பதிவு செய்கிறேன்; அதைக் கவனிக்கும் நிலையில் அப்போது அவள் இல்லை.

மார்த்தா நெடுநேரம் எழுதினார். பிறகு, “முந்தி அங்கன இருந்த ஆளு பெட்டியத் தொறக்குததுக்கு முந்தியே, மரம் உளுத்திருக்கும்னு எழுதி அனுப்பிருவான்” என்றார். அது பாராட்டா, பழைய எரிச்சலா, குரலில் தெரியவில்லை. “திங்கக்கிழமை எழுதுதோம்.” திரை இருண்டது.

விஜிலா தண்ணீர் கேட்டாள்.

“போச்சு எக்கா.”

“போச்சா?”

“மார்க்கு போச்சுன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல.” தண்ணீரைக் குடித்து முடித்தாள். “ஒரு வரிதான். சொல்லித் தொலச்சிருந்தா அவிய வீட்டுக்கு வந்திருப்பாவ. வாரதுக்காக அதச் சொல்லணுமா? நீங்க சொல்லுங்க. அப்படிச் சொல்லி வந்தா அது என்ன வாரது?”

அவள் பணயம் வைத்தது ஒரு கட்டத்தின் மதிப்பெண்ணை அன்று, ஒன்பது மாதத்தை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கிளைட்டன் வாசலில் நின்று, “மதினி, ஸ்பானிஷ்ல ஏசுனீங்களா? கீழ வரைக்கும் கேட்டுச்சு” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓஹலா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொழுந்தன் இருப்பானாக.

8

ஆண்டு மலரின் பதிப்பாசிரியை ஷெர்லி, கட்டுரைக்குப் பதில் கதை வருவதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டு, செவ்வாய் நண்பகல் வரை கெடு கொடுத்தார். மின்னஞ்சல் திங்களன்றே வந்தாலும், ரெக்சன் இறங்குவானா என்பது புதன்கிழமைதான் தெரியும். ஆக, முடிவு தெரியாமலே முடிக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மூன்று முடிவுகளை எழுதி வைத்தேன்.

முடிவு அ: வேலை கிடைக்கிறது. ரெக்சன் கொழும்பில் இறங்குகிறான். சுபம். (மிக எளிது. வாசகர் என் கையை ஐயுறுவார்.)

முடிவு ஆ: வேலை கிடைக்கவில்லை. ரெக்சன் கையெழுத்திட்டு மீண்டும்

[சிவப்பு மெழுகு. பக்கம் கிழிந்தே விட்டது.]

முடிவு இ: மார்த்தா நேரே தூத்துக்குடிக்கு வந்து விஜிலாவைக் கட்டிக்கொள்கிறார். (“எக்கா, பகல் பன்னெண்டு மணி வெயில்ல எழுதுனீங்களா?” என்றாள் விஜிலா.)

திங்கட்கிழமை இரவு எட்டேகாலுக்கு மின்னஞ்சல் வந்தது. அவள் அப்போது எங்கள் மாடிப்படியில், பாதி வழியில் இருந்தாள். அங்கேயே நின்று படித்தாள். நான் மேற்படியில் நின்று அவள் உச்சந்தலையைப் படித்தேன்.

“என்னளா எழுதியிருக்கு?”

“இது மொதல்ல அவியளுக்கு எக்கா. புதன்கிழமை. அதுக்குப் பொறவுதான் ஊருக்கு.”

“நான் ஊரா?”

“ஒங்களுக்குச் சொன்னா விடியுததுக்குள்ள எழுதிப்புடுவீங்க.”

“மூஞ்சியவாவது காட்டு.”

அவள் எட்டிப் படிவிளக்கின் சுவிட்சை அணைத்தாள். [குளிர வைத்தாள்.] இருட்டில் அவள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. விரைந்து இறங்கினாளா தளர்ந்து இறங்கினாளா என்று கேட்பீர்கள். எப்போதும் போல இறங்கினாள். நான் எண்ணினேன்; பதினோரு படி.

9

செவ்வாய். இனி நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

காலை ஏழு மணிக்குக் கிளைட்டன் முன்னறையிலிருந்த படகு இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்வாசலுக்குத் தூக்கிப் போனான். முகம் தொங்கிக்கிடந்தது. “யாருக்கு மதினி இந்த எடம்?” என்றான். “வாய மூடிட்டுத் தூக்குலே” என்று விடை வந்தது. எட்டு மணிக்குச் சுவரை அளந்தார்கள், அதே சுற்றளவு நாடாவால். ஒன்பதரைக்குக் கிடங்கிலிருந்து ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. அதில் மூன்று இழுப்பறை வைத்த பழைய தேக்கு மேசை ஒன்றும், இரண்டு நாற்காலிகளும் இருந்தன.

இரண்டு நாற்காலி எதற்கு என்று நான் கேட்கவில்லை. மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவருக்காக இருக்கலாம். வீட்டிலேயே இருக்கப்போகிற ஒருவருக்காக இருக்கலாம். கிடங்கில் இரண்டாகத்தான் கொடுப்போம் என்று சொல்லியிருக்கவும் கூடும். நீங்கள் இதைப் படிக்கும்போது புதன்கிழமை கடந்திருக்கும். ரெக்சனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்கும். இக்கதைக்கு மட்டும் தெரியாது. அதை நீங்கள் எப்படியும் முடித்துக்கொள்ளலாம், ஒரே கட்டுப்பாடு: கடலில் ஆள் இருக்கிறான், பார்த்து முடியுங்கள்.

மணி பத்து நாற்பது. ஷெர்லி இருமுறை அழைத்துவிட்டார். கீழே மேசை நிலைவாசலில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. “அண்ணாச்சி, நீங்க தள்ளாதீங்க, இழுங்க!” என்று கிளைட்டன் என் கணவரைப் பார்த்துக் கத்துகிறான். விஜிலா ஏதோ சொல்கிறாள். அது தமிழில் இல்லை. இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். மேசையின் ஒரு காலைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். நான் போகிறேன். பேனாவை இங்கே, இந்த வரியின்மேல், மூடி போடாமல்